மாமனார் சூழல்

மலையைக் காணவில்லை.

கருவி அறைக்குள் காலடி எடுத்து வைத்ததும் பூக்காரருக்குக் கிடைத்த செய்தி இதுதான். அவர் பூ விற்கிறவர் அல்லர். தாவர ஆராய்ச்சி நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு, ஊதா நிறத்தில் பூக்கும் ஒரு செடிக்குள் என்னென்ன வேதிப்பொருள்கள் இருக்கின்றன, அவற்றில் எது எந்த நோய்க்கு உதவும் என்று பார்க்கிறவர். பட்டங்கள் எல்லாம் பெரிதாகத்தான் வாங்கியிருந்தார். ஆனாலும் வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை நிலையத்தில் எல்லோருக்கும் அவர் பூக்காரர்தான்.

மலை என்பது அவருடைய பூவிலிருந்து எழும்பிய மலை. பூவை அரைத்து வடிகட்டி, சாற்றில் ஒரு சொட்டை ஊசியால் ஏற்றினால், அதற்குள் இருக்கும் பொருள்களைக் கருவி ஒவ்வொன்றாகப் பிரித்துத் திரையில் கோடு போட்டுக் காட்டும். ஒரு பொருள் வெளியே வரும்போது கோடு மேலே எழும். பொருள் எவ்வளவு அதிகமோ மேடு அவ்வளவு உயரம். போன மாதம் ஊதாப் பூவின் சாற்றில் எழுந்ததை மேடு என்று சொல்ல முடியாது. திரையின் உச்சியை முட்டிக்கொண்டு நின்றது. அந்தச் சாற்றைக் கால் வீங்கிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கம் வற்றி, எலிகள் கூண்டுக்குள் ஓடிப் பிடித்து விளையாடின.

அது என்ன பொருள் என்று பெயர் சொல்ல இதைவிடப் பெரிய கருவி வேண்டும். அது வேறு ஊரில் இருந்தது; வரிசையும் நீளம். வரிசை நகரும் வரை பொறுக்காமல், பூக்காரர் மனசுக்குள் அந்தப் பொருளுக்குத் தன் பெயரையே வைத்துவிட்டார்.

இன்றைக்குத் திரையில் இருந்த கோடோ இஸ்திரி போட்ட துணி மாதிரி கிடந்தது.

"நல்லாக் கழுவிட்டு மறுபடியும் ஓட்டிப் பாத்துட்டேன் சார்" என்றார் மெஷின் மேடம். கருவியைத் தவிர வேறு யாரையும் நம்பாதவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். "மலையும் இல்ல, மண்மேடும் இல்ல."

"கருவியில ஏதாவது கோளாறு இருக்குமோ?"

மெஷின் மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பெற்ற பிள்ளையைத் திருடன் என்று சொல்லியிருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

"கருவி பொய் சொல்லாது சார். மனுஷங்கதான் சொல்லுவாங்க."

பூக்காரருக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அவர் ஒரு பொய் சொல்லியிருந்தார். பொய்கூட இல்லை, உண்மையைச் சொல்லாமல் விட்டிருந்தார். போன மாதம் நிலையத்துக் கண்ணாடி வீட்டில் வளரும் செடிகள் சரியாகப் பூக்கவில்லை. கையில் பூ இல்லாமல் திண்டாடியபோது, வீட்டு பால்கனியில் ஆசைக்கு வைத்திருந்த ஒற்றைத் தொட்டிச் செடியிலிருந்து ஒரு கை பூவைப் பறித்துச் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். செடி ஒன்றுதானே, எந்தத் தொட்டியில் பூத்தால் என்ன என்று நினைத்தார். மலை எழுந்ததும் ஊரெல்லாம் கைதட்டியது. கைதட்டல் நடுவில் டப்பாவைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது?

இப்போது கண்ணாடி வீட்டுச் செடிகள் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தன. பூத்து என்ன? ஒன்றில்கூட மலை இல்லை.

இதில் பெரிய சிக்கல் என்னவென்றால், மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது. மலையைக் கண்ணால் பார்க்க வாருங்கள் என்று இயக்குநரே அவர்களை அழைத்திருந்தார். மலை இல்லையென்றால் ஊதாச் செடி ஆராய்ச்சியை இழுத்து மூடிவிடுவார்கள். பூக்காரரை உரப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள்.

உரப் பிரிவு வளாகத்தின் கடைசியில், காற்று எந்தப் பக்கம் அடிக்காதோ அந்தப் பக்கமாகப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தது. விதவிதமான சாணங்களைப் புட்டிகளில் அடைத்து முகர்ந்து பார்த்து ஆராய்வது அங்கே வேலை. அதன் தலைவரான உரக்காரர் தங்கமான மனிதர். ஆனால் கேன்டீனில் அவர் மேசையில் யாரும் உட்கார்வதில்லை. எதிரில் யார் வந்தாலும் வணக்கத்துக்குப் பதில், "இப்பதான் குளிச்சிட்டு வர்றேன்" என்பார். அந்தப் பிரிவுக்குப் போனால் பின்வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் வர வேண்டும் என்று பூக்காரரின் மனைவி முன்பே சொல்லி வைத்திருந்தாள். அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டுக்குப் பின்வாசலே கிடையாது.

அன்று மாலை பூக்காரர் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பால்கனிக்கு ஓடினார். தொட்டிச் செடி ஊதாப் பூக்களோடு செழிப்பாக நின்றது. அதன் பக்கத்தில் பிரம்பு நாற்காலியில், அதைவிடச் செழிப்பாக, மாமனார் உட்கார்ந்திருந்தார்.

மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பு அவர் மகன் வீட்டில் இருந்தார். மகன் உடற்பயிற்சிப் பைத்தியம். விடிவதற்கு முன்னால் பெற்ற தகப்பனை எழுப்பி, மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டு, வாயில் விசிலோடு பின்னாலேயே வருவான். அப்படி ஓடியதில் மாமனாருக்குக் கால் வலி வந்துவிட்டது. கால் சரியானதும் அனுப்பி வைக்கிறேன் என்று அண்ணனிடம் சொல்லி, மகள் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்தாள். வேளை தவறாமல் அவளே மருந்தும் கொடுத்தாள். வலியும் எங்கேயும் போகவில்லை, அவரும் எங்கேயும் போகவில்லை.

பூக்காரர் முதலில் மனைவியை விசாரித்தார். பூச்சிமருந்து ஏதாவது பட்டிருந்தால் செடியின் சாறே கெட்டுப்போய், இல்லாத பொருளெல்லாம் இருப்பதாகக் காட்டும். நீங்கள் கொஞ்சுகிற செடியை நான் எதற்குத் தொடுகிறேன், துவைத்த துணியைக் காயப்போடவே அது இடம் விடுவதில்லை என்று அவள் வேறு பிராதைத் தொடங்கினாள். பூக்காரர் மாமனார் பக்கம் திரும்பினார்.

"மாமா, நீங்க செடிக்கு மருந்து எதுவும் ஊத்தலையே?"

மாமனாருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"செடிக்கு மருந்தா? எதுக்கு மாப்பிள்ளை? பூச்சி உண்டா, புழு உண்டா? எப்படிக் கொழுகொழுன்னு இருக்கு பாருங்க. அதுக்குப் போயி நான் மருந்து ஊத்துவேனா?"

பூக்காரருக்கு உயிர் வந்தது. செடி சுத்தம். அப்படியானால் மலை உண்மை. இந்தத் தொட்டியைக் கண்ணாடி வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. டப்பா விஷயம் யாருக்கும் தெரியவே வேண்டியதில்லை.

மறுநாளே தொட்டி ஆட்டோ ஏறியது. பேச்சுத்துணைக்கு இருந்த ஒரே ஜீவனையும் பிரிக்கிறீர்களே என்று மாமனார் கண்கலங்கினார். வழியெல்லாம் பூக்காரர் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தைக்குச் செய்வதுபோல் காற்றுப் படாமல் துண்டால் போர்த்திக்கொண்டு போனார்.

கண்ணாடி வீட்டில் அதற்கு ராஜ மரியாதை. வெப்பத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பொத்தான், வடிகட்டிய தண்ணீர், தனி விளக்கு. தொட்டி வந்த முதல் வாரம் மலை இருந்தது. அடுத்த முறை பார்த்தபோது குன்றாகியிருந்தது. பிறகு மேடு. பிறகு வழக்கம்போல இஸ்திரி போட்ட துணி.

வேறு வழியில்லை. பூக்காரர் இயக்குநரின் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, டப்பா உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தலை போகப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் இயக்குநர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். அவர் எதற்கெடுத்தாலும் 'எல்லாம் சூழல்தான்' என்று சொல்கிறவர். மகன் பரீட்சையில் கோட்டை விட்டதற்குக்கூட அதைத்தான் காரணம் சொன்னார்.

"உங்க வீட்டுச் சூழல்ல என்னமோ இருக்கு பூக்காரரே. அதை அப்படியே இங்க கொண்டு வந்துடணும்."

அடுத்த நாள் ஒரு படையே பூக்காரர் வீட்டு பால்கனியில் வந்து இறங்கியது. ஒருவர் வெயிலை அளந்தார். ஒருவர் காற்றை அளந்தார். இயக்குநர் துணிக்கொடியின் நீளத்தை அளந்துவிட்டு, இதில் யாருடைய பனியன் எந்தப் பக்கம் காயும் என்று பூக்காரரின் மனைவியிடமே கேட்டார். அவள் உள்ளே போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள். அந்தச் சத்தத்தையும் ஒருவர் பதிவு செய்துகொண்டார். போகிற போக்கில் இயக்குநர், நாற்காலியில் இருந்த பெரியவரிடமும் ஒரு வார்த்தை கேட்டார்.

"ஐயா, செடிக்கு மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"சத்தியமா இல்லீங்க" என்றார் மாமனார். "மாப்பிள்ளையும் இதைத்தான் கேட்டாரு."

தொட்டி மண்ணில் ஒரு பிடி எடுத்து உரக்காரரிடம் கொடுத்தார்கள். அவர் வழக்கம்போலத் தழைச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் பார்த்துவிட்டு, அருமையான மண் என்று சொல்லிவிட்டார். அவரிடம் கேட்டதும் அவ்வளவுதான்.

கண்ணாடி வீட்டில் கொடி கட்டி, ஆய்வக அங்கிகளை நனைத்துச் செடிகளுக்கு மேலே சொட்டச் சொட்டத் தொங்கவிட்டார்கள். கீழே நடந்தவர்கள் எல்லாம் நனைந்தார்கள். பாத்திரம் கழுவுகிற சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டார்கள். வீட்டில் சமையலறைப் புகை பால்கனிப் பக்கமாகத்தான் போகிறது என்பதால், ஒரு மின்சார அடுப்பு வாங்கி வெங்காயம் வதக்கினார்கள். தீ எச்சரிக்கை மணி அலறி, கூரைக் குழாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொள்ள, நிலையமே வாசலில் போய் ஈரத்தோடு நின்றது. வெங்காயம் மட்டும் நன்றாக வதங்கியிருந்தது.

மலை வரவில்லை.

நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் பூக்காரருக்கு அந்த யோசனை வந்தது. மாமனார் பகலெல்லாம் செடியோடு பேசுகிறவர். மகனின் விசில், மருமகள் போடும் சர்க்கரையில்லாத காபி, மைதானத்தில் தன்னை முந்திக்கொண்டு ஓடிய கிழவர் என்று ஒன்று விடாமல் செடியிடம் கொட்டுவார். செடியும் குறுக்கே பேசாமல் கேட்கும். ஒருவேளை பேச்சுத்தான் காரணமோ?

இயக்குநருக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. முதல் ஆளாக அவரே கண்ணாடி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தன் மைத்துனனைப் பற்றி ஊதாச் செடியிடம் பேசினார். வெளியே வந்தபோது முகம் தெளிந்து, ஆளே பாதி வயது குறைந்தவர் மாதிரி இருந்தார். விஷயம் பரவியது. மறுநாள் கண்ணாடி வீட்டு வாசலில் வரிசை நின்றது. கணக்குப் பிரிவிலிருந்து வந்தார்கள், நூலகத்திலிருந்து வந்தார்கள். மெஷின் மேடம்கூட, தன் கருவியை வாங்கித் தந்த நிறுவனத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்தார். உரக்காரர் உள்ளே போனவர் அழுது தீர்த்துவிட்டார். செடி ஒன்றுதான் மூக்கைப் பொத்தாமல் நான் சொன்னதைக் கேட்டது என்றார்.

எல்லோருக்கும் மனசு லேசானது. மலைதான் வரவில்லை.

குழு வருவதற்கு அதிக நாள் இல்லை. உரப் பிரிவில் பூக்காரருக்காக மேசையைத் துடைத்து வைத்துவிட்டதாக உரக்காரர் ஆசையோடு சொன்னார். பேச்சுத்துணை கிடைக்கப்போகிறதே என்ற சந்தோஷம் அவருக்கு. பூக்காரர் அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. இத்தனை வருஷம் ஒரு பூவை நம்பி உட்கார்ந்தவன், கடைசியில் சாணத்தை முகரவா என்று நொந்துகொண்டார்.

"எல்லாத்தையும் கொண்டு வந்துட்டோம்" என்றார் இயக்குநர், மேசையில் தாளம் போட்டபடி. "ஒண்ணைத்தான் கொண்டு வரல."

"எதை சார்?"

"உங்க மாமாவை."

பூக்காரரின் மனைவி ஒரே பேச்சில் சம்மதிக்கவில்லை. கால் வலிக்காரரை இழுத்துக்கொண்டு போய்ச் செடிக்குக் காவல் வைப்பீர்களா என்று சண்டை பிடித்தாள். உரப் பிரிவு என்ற வார்த்தை வந்ததும் அடங்கினாள். அப்பாவின் பிரம்பு நாற்காலி, முதுகுக்குத் தலையணை, போர்வை, பிளாஸ்க், மருந்து, கண்ணாடி, முதுகு சொறியும் குச்சி, ரேடியோ எல்லாவற்றையும் ஒரு பெரிய பையில் கட்டிக் கொடுத்தாள். வீட்டில் எப்படி இருந்தாரோ அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும், ஒரு வேளைகூட எதுவும் தவறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள். இயக்குநர் சொன்னதும் அதேதான். எதையும் மாற்ற வேண்டாம் ஐயா, வீட்டில் என்னென்ன செய்வீர்களோ எல்லாவற்றையும் இங்கேயும் செய்யுங்கள் என்றார்.

மாமனார் கண்ணாடி வீட்டில் குடியேறினார். செடியைப் பார்த்ததும், இளைத்துப் போயிட்டியே என்று உருகினார். அன்று முதல் அவர் காலையில் பூக்காரரோடு வருவார், மாலையில் பூக்காரரோடு போவார்.

அடுத்த வாரம் மெஷின் மேடம் கருவி அறையிலிருந்து ஓடி வந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி மலை மாதிரி காட்டினார்.

பூக்காரர் அவ்விடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. இயக்குநர் அந்த நிலைக்கு 'மாமனார் சூழல்' என்று பெயர் வைத்தார். மறுநாளே கண்ணாடி வீட்டு வாசலில் அப்படி ஒரு பலகையும் மாட்டினார்.

ஆனால் ஆராய்ச்சி என்றால் அதோடு விடுவார்களா? மாமனாரின் சக்தி எவ்வளவு தூரம் பாயும் என்று பார்த்தார்கள். அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த செடியில் மலை எழுந்தது. எட்டாத செடிகளில் ஒன்றுமே இல்லை. மூன்று தொட்டிகளை நாற்காலிக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தால், மலை மூன்றாகப் பிரிந்து மூன்று சின்ன மேடுகளாயிற்று. ஒரு மனிதருக்குள் இருப்பதே அவ்வளவுதான், பங்கு போட்டால் குறையத்தானே செய்யும் என்றார் இயக்குநர். கூடுதல் மாமனார்கள் தேவைப்பட்டார்கள்.

கணக்குப் பிரிவுக்காரரின் மாமனார் வந்தார். மூன்று நாள் செடிப் பக்கம் திரும்பாமல் தூங்கினார். மெஷின் மேடத்தின் மாமனார் வந்து, இதென்ன களைச்செடி என்று செடியின் முகத்துக்கு நேராகவே கேட்டார். இரண்டு பேருக்கும் கோடு தட்டைதான். பொதுவாக மாமனார் என்றால் போதாது, குறிப்பிட்ட இந்த மாமனார்தான் வேண்டும் என்று உறுதியாயிற்று. நம்முடைய மாமனார் அது தெரிந்த நாளிலிருந்து காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டார். டீயோடு பிஸ்கட்டும் கேட்டார்.

இந்த நேரத்தில்தான் குளவி வந்தது.

கண்ணாடி வீட்டுக்குள் எப்படியோ நுழைந்த ஒரு பெரிய குளவி, மாமனாரின் காதருகே வந்து ரீங்காரம் போட்டது. அவர் போர்வையை உதறிவிட்டு எழுந்து, இரண்டு தொட்டிகளைத் தாண்டிக் குதித்து, வாசல் வழியே பாய்ந்து, கட்டடத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நின்றார். மாடி ஜன்னலிலிருந்து இயக்குநர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்ப்பதை மாமனாரும் பார்த்துவிட்டார். உடனே நொண்ட ஆரம்பித்தார். எந்தக் கால் என்பதில் மட்டும் கொஞ்சம் தடுமாற்றம் இருந்தது.

"உங்க மாமாவுக்குக் கால் வலின்னுதானே சொன்னீங்க?" என்று இயக்குநர் பூக்காரரின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஆமா சார். ரொம்ப நாளா."

"போயிடுச்சு பூக்காரரே. செடிப் பக்கத்துல உக்காந்தே போயிடுச்சு. மிச்சம் இருக்கிறதும் இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்குமா அலையுது. வெளியேறப் போகுதுன்னு அர்த்தம்."

மனிதரின் பேச்சால் செடியில் மருந்து ஊறுகிறது. செடியின் வாசனையால் மனிதரின் வலி ஓடுகிறது. பூக்காரர் அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

குழு வந்தது. தலைவி அம்மையார் கையில் ஊன்றுகோலோடு வந்தார். அவருக்கு இரண்டு முழங்காலும் வலி. எவரையும் நம்பாத பார்வை. கண்ணாடி வீட்டுப் பலகையைப் படித்தபோது ஒரு புருவம் மட்டும் மேலே போனது. ஆனால் மெஷின் மேடம் அவர் கண் முன்னாலேயே பூவைப் பறித்து, அரைத்து, கருவியில் ஏற்றினார். மலை எழுந்தது. அம்மையார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். மலை அங்கேயேதான் நின்றது. எலிகளைப் பார்த்தார். குளவிக் கதையைக் கேட்டார். மெதுவாகப் போய், மாமனாருக்கு அடுத்து ஒரு நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்து, செடிப் பக்கமாக இரண்டு காலையும் நீட்டிக்கொண்டார். இந்த ஆராய்ச்சி நிற்கக் கூடாது, பெரிதாக நடக்க வேண்டும் என்றார்.

உரக்காரர் ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டு, பெருமூச்சோடு தன் இடத்துக்குப் போனார்.

பூக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ஓரமாகப் போய் மனைவிக்குப் போன் போட்டார். வேலை தப்பியது என்றார். அந்த வேகத்தில், அப்பாவின் கால் முற்றிலும் சரியாகிவிட்டது, குழுவின் முன்னாலேயே சொல்லியாயிற்று என்றும் சொல்லிவிட்டார். அவள் சந்தோஷத்தில் அடுத்த நிமிடமே தன் அண்ணனுக்குச் சொன்னாள். அவன் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அப்பாவைக் கூட்டிப்போக நேராக நிலையத்துக்கே வருகிறான் என்று அவளே திரும்பக் கூப்பிட்டுச் சொன்னாள்.

நல்ல செய்திதானே என்று பூக்காரர் அதை மாமனாரின் காதில் போட்டார்.

மாமனாரின் கையிலிருந்த பிஸ்கட் டீக்குள் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"எனக்குக் காலு சரியாகல மாப்பிள்ளை."

"ஆயிடுச்சு மாமா. கட்டடத்தைச் சுத்தி ஓடினீங்களே."

"அது குளவி."

"குளவி வந்தா வலிக்கிற கால் ஓடுமா மாமா?"

மாமனார் டீயைக் கீழே வைத்தார். தூரத்தில் எங்கோ கார் ஹாரன் கேட்டது. அவருக்கு அது விசில் மாதிரியே கேட்டிருக்க வேண்டும். செடியை ஒரு பார்வை பார்த்தார். வாசலை ஒரு பார்வை பார்த்தார்.

அம்மையார் அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டார். இயக்குநர் அவர் கையெழுத்துப் போடுவதற்கு வாகாகத் தன் முதுகையே குனிந்து காட்டத் தயாராக நின்றார். பேனா முனை காகிதத்தைத் தொடப்போன நேரத்தில், அம்மையார் பெரியவர் பக்கம் திரும்பினார். பழகிய குரலில் கேட்டார்.

"ஒரு சம்பிரதாயத்துக்குத்தான் ஐயா கேக்குறேன். நீங்க செடிக்கு மருந்து எதுவும் ஊத்தலையே?"

பூக்காரர் நிம்மதியாகச் சிரித்தார். பதில் அவருக்குத் தெரியும். அவரே கேட்டிருக்கிறார், இயக்குநரும் கேட்டிருக்கிறார்.

மாமனார் பையிலிருந்து மகள் கட்டிக் கொடுத்த மருந்து பாட்டிலை எடுத்தார். அடியில் ஒரு விரல்கடை அளவுதான் மிச்சம் இருந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, சலிப்போடு சொன்னார்.

"ஆளாளுக்கு இதையேதான் கேக்குறீங்க. செடிக்குண்டான மருந்தை நான் கையாலகூடத் தொட்டது கிடையாதும்மா. வேளாவேளைக்கு ஊத்தினது பூராவும் எனக்குண்டான மருந்து."